ஓமந்தூரார்: இரண்டு ஆண்டு ஆட்சியின் கணக்கு

சென்னை அண்ணா சாலையில் பேருந்திலிருந்து இறங்குபவர்கள் ஓமந்தூரார் மருத்துவமனை என்று சொல்லித்தான் இறங்குகிறார்கள். 2010-இல் சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகமாகத் திறக்கப்பட்டு, 2014-இல் உயர் சிறப்பு மருத்துவமனையாக மாறிய அந்தக் கட்டடம் நிற்கும் அரசினர் தோட்டத்துக்கு அவர் பெயர். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று பொருளாதார வரலாற்று வகுப்பில் நான் கேட்ட ஆண்டுகளில், பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைத்தன. ஒன்று மௌனம், மற்றொன்று, நேர்மையான முதலமைச்சர் என்பது. இரண்டாவது விடை தவறல்ல. ஆனால், அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அவரை அடக்கிவிட்டதால், அவர் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் எடைபோடும் பொறுப்பிலிருந்து நாம் எளிதாகத் தப்பித்துக்கொண்டோம் என்பது என் கருத்து. துறவியைப் போல வாழ்ந்தார் என்று சொல்லி ஓர் ஆட்சியாளரை வணங்கி ஒதுக்கிவிடுவது, அவரது ஆட்சியைப் படிக்காமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடித்த மரியாதையான வழி.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895 பிப்ரவரி 1 அன்று ராமசாமி ரெட்டியார் பிறந்தார். இன்று அது விழுப்புரம் மாவட்டம். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் வானம் பார்த்த மேட்டு நிலமும் கலந்த பகுதி. நெல்லுக்கு இணையாக மல்லாட்டை விளையும் மண். அம்மாவட்டத்தின் பெரும்பகுதி ரயத்துவாரி முறையில் இருந்தது. அதாவது, இடையில் ஜமீன்தார் இல்லாமல் பட்டாதாரரே அரசுக்கு நேரடியாகத் தீர்வை செலுத்தினார். இந்த விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் அவரது அமைச்சரவை கொண்டுவந்த நிலச் சட்டத்தின் வலிமையும் எல்லையும் இங்கிருந்துதான் புரியும்.

திண்டிவனத்தில் பள்ளிக் கல்வி. அதற்கு மேல் பட்டங்கள் இல்லை. வழக்கறிஞர்களும் பட்டதாரிகளும் நிறைந்திருந்த அன்றைய காங்கிரஸ் தலைமையில், நிலத்தில் கால் பதித்த ஒரு விவசாயி அவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். மாவட்ட அளவிலும் மாகாண அளவிலும் கட்சிப் பணி ஆற்றினார். மேடைப் பேச்சில் சத்தியமூர்த்தியைப் போலவோ, நுட்பமான வாதத்தில் ராஜாஜியைப் போலவோ அவர் பெயர் பெறவில்லை. ரமண மகரிஷியிடமும் வள்ளலாரின் நெறியிலும் அவருக்கு இருந்த ஈடுபாடு எல்லோரும் அறிந்தது. அரசியலை விட்டு எந்நேரமும் விலகிவிடக்கூடியவர் என்ற எண்ணத்தை அது மற்றவர்களிடம் ஏற்படுத்தியிருந்தது. அந்த எண்ணமே அவரைப் பதவிக்குக் கொண்டுவரவும் உதவியது என்று நினைக்கிறேன். தனக்கென்று அணி இல்லாதவரை எல்லா அணிகளும் ஏற்றுக்கொள்ளும்.

1946-இல் நடந்த மாகாணத் தேர்தல் வயது வந்தோர் எல்லோரும் வாக்களித்த தேர்தல் அன்று. சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளின் அடிப்படையில் வாக்குரிமை வரையறுக்கப்பட்டிருந்தது. 215 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரஸ் பெரும்பான்மை பெற்றது. விசாகப்பட்டினம் முதல் திருநெல்வேலி வரை, மேற்கே மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்த, நான்கு மொழிகள் பேசிய மாகாணம் அது. காந்தியடிகளின் விருப்பம் ராஜாஜியாக இருந்தது. சட்டமன்றக் கட்சி அதை ஏற்கவில்லை. ஆந்திரப் பகுதியின் தலைவரான த. பிரகாசம் 1946 ஏப்ரல் இறுதியில் பிரதம மந்திரியானார். ஓராண்டு நிறைவதற்குள் அவர் கட்சியின் நம்பிக்கையை இழந்தார். புதிய நூற்பாலைகளைத் தடுத்து, கைநூற்பையும் கதரையும் முன்னிறுத்திய அவரது ஜவுளிக் கொள்கையும் அதற்கு ஒரு காரணம். 1947 மார்ச் 23 அன்று ஓமந்தூரார் அவ்விடத்துக்கு வந்தார். பதவியேற்க அவர் தயங்கினார் என்றும், காமராஜரும் மற்றவர்களும் வற்புறுத்தியே இணங்க வைத்தனர் என்றும் அக்கால நினைவுகள் பலவும் கூறுகின்றன.

ஒரு சிறு திருத்தம் இங்கே அவசியம். விடுதலை பெற்ற நாளில் பதவியில் இருந்ததால் அவரைச் சுதந்திர இந்தியாவில் சென்னையின் முதல் முதலமைச்சர் என்கிறோம். பொருள் சரி, பதவிப் பெயர் அதுவன்று. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி மாகாண அமைச்சரவையின் தலைவர் பிரதம மந்திரி என்றே அழைக்கப்பட்டார். 1950 ஜனவரியில் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் முதலமைச்சர் என்ற பெயர் வந்தது. அப்போது அவர் பதவியில் இல்லை. ஆனால், அரசமைப்பு நிர்ணய சபையின் உறுப்பினர்களில் ஒருவராகச் சென்னை மாகாணத்திலிருந்து அவரும் இருந்தார்.

அவருடைய அமைச்சரவையில் டாக்டர் பி. சுப்பராயன், தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், எம். பக்தவத்சலம், டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன், பி. கோபால ரெட்டி, காளா வெங்கட ராவ் போன்றோர் இருந்தனர். பலர் அவரைவிடக் கற்றவர்கள். சிலர் அவரைவிட நீண்ட நிர்வாக அனுபவம் பெற்றவர்கள். சட்ட முன்வரைவுகளை ஆக்கியதிலும் அவையில் நடத்திச் சென்றதிலும் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே, இனி நான் ஓமந்தூரார் ஆட்சியின் சட்டம் என்று சொல்லும்போது, அதை ஒரு தனிமனிதரின் கைவேலையாக வாசகர்கள் கொள்ள வேண்டாம். எதிர்ப்பு வந்தபோது பின்வாங்காமல் அவர்களுக்குப் பின்னால் நின்றது அவர் பணி.

முதலில் வந்தது கோயில் நுழைவு. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்ததும், அதற்குப் பாதுகாப்பாக ராஜாஜி ஆட்சி சட்டம் இயற்றியதும் பலர் அறிந்தவை. அச்சட்டம் கோயில் நிர்வாகிகள் விரும்பித் திறந்தால் அவர்களுக்குச் சட்டக் காப்பு அளித்தது. 1947-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் நிலையை மாற்றியது; இந்துக் கோயிலில் எல்லா வகுப்பினரும் வழிபடுவது அவர்களது உரிமை என்று ஆக்கியது. நிர்வாகியின் கருணை, பக்தரின் உரிமையானது. இச்சட்டத்தின் கதை அத்துடன் முடியவில்லை. தென் கன்னடத்தில் மூல்கி வேங்கடரமணர் கோயிலை நிர்வகித்த கௌட சாரஸ்வத பிராமணர்கள், தங்களுடையது ஒரு சமயப் பிரிவின் தனிக் கோயில், இச்சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று வழக்குத் தொடுத்தனர். 1958-இல் உச்ச நீதிமன்றம், சமயப் பிரிவின் தன்னாட்சி உரிமையைவிடப் பொதுக் கோயிலை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் அதிகாரமே மேலோங்கும் என்று தீர்ப்பளித்தது. சில சிறப்புச் சடங்குகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. இன்றும் கோயில் நுழைவு குறித்த வழக்குகளில் எடுத்துப் பேசப்படும் தீர்ப்பு அது.

அதே ஆண்டில் தேவதாசி முறைக்கு எதிரான சட்டமும் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் இறுதியில் தொடங்கிய போராட்டத்தின் பலன் அது. இதில் பொருளாதாரம் எப்படிக் கலந்திருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கோயில் பணிக்காகப் பெண்களுக்கு இனாம் நிலங்கள் அளிக்கப்பட்டிருந்தன. பணி நின்றால் நிலமும் போய்விடும் என்ற நிலை, அடுத்த தலைமுறைப் பெண்ணைப் பொட்டுக் கட்டுவதற்கான கட்டாயமாக மாறியிருந்தது. 1929-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நிலங்களைப் பணிக் கடமையிலிருந்து விடுவித்தது. பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் முத்துலட்சுமியின் முயற்சி மட்டும் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. ஓமந்தூரார் ஆட்சியில், சுப்பராயனின் துணையுடன் அது சட்டமானது. சமய ஈடுபாடு மிக்க ஒருவரின் ஆட்சியிலேயே கோயிலைச் சார்ந்த இரண்டு பழைய வழக்கங்கள் சட்டத்தால் தகர்ந்தன என்பதை முரண்பாடாகப் பார்ப்பவர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாதி, சமயச் சடங்குகளை மறுத்த வள்ளலாரிடம் ஈடுபாடு கொண்டவர் வேறு எப்படி நடந்திருப்பார்?

அறநிலையச் சட்ட முன்வரைவும் 1949-இன் தொடக்கத்தில் அவரது ஆட்சியில்தான் அவைக்கு வந்தது. மடங்களின் கணக்குகளையும் கோயில் சொத்துக்களையும் அரசுத் துறை ஒன்றின் கண்காணிப்புக்குள் கொண்டுவரும் அந்த முயற்சி கடுமையான எதிர்ப்பைச் சந்தித்தது. அது 1951-இல், அடுத்த அமைச்சரவையின் காலத்தில் நிறைவேறியது. 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் சில பிரிவுகளை நீக்கியது. சமயத்தின் இன்றியமையாத கூறு எது, நிர்வாகக் கூறு எது என்று நீதிமன்றங்கள் இன்றுவரை பிரித்துப் பார்க்கும் அளவுகோல் அந்த வழக்கில் பிறந்தது.

இனி வகுப்புவாரி ஆணை. 1927 முதல் நடைமுறையில் இருந்த ஆணையின்படி அரசுப் பணியிடங்கள் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பகுக்கப்பட்டன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்து 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. 1947 நவம்பரில் இது பதினான்காக மாற்றப்பட்டது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்திய மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் தெரியும். ஒடுக்கப்பட்டோரின் பங்கு பன்னிரண்டில் ஒன்று என்பதிலிருந்து ஏழில் ஒன்றாக உயர்ந்தது. அதைவிட முக்கியமானது, பிராமணரல்லாதார் என்ற பெருந்தொகுதிக்குள் முன்னேறியவரும் பின்தங்கியவரும் ஒன்றல்லர் என்று அரசாணை முதன்முறையாக ஒப்புக்கொண்டது. பிற்படுத்தப்பட்டோர் என்ற தனிக் கூறு தமிழக இட ஒதுக்கீட்டில் நுழைந்த வாயில் அதுதான். முஸ்லிம்கள், கிறித்தவர்களின் பங்கு குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த ஆணைக்காக அவரை அவரது கட்சியிலேயே பலர் கடிந்துகொண்டனர். தாடி வைக்காத ராமசாமி என்று ஈ.வெ.ரா.வுடன் ஒப்பிட்டுக் கேலி செய்யப்பட்டதாகவும் சொல்வதுண்டு. கல்லூரிச் சேர்க்கையில் இதே பதினான்கு பங்கு முறை பின்பற்றப்பட்டதை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில், 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்த முறையைச் செல்லாதென்றது. தமிழகத்தில் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக, அவ்வாண்டே அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, 15-ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது.

முதல் திருத்தம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதே திருத்தம்தான் ஒன்பதாம் அட்டவணையையும் உண்டாக்கியது. நிலச் சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்ற எதிர்ப்பிலிருந்து காப்பது அதன் நோக்கம். முதலில் சேர்க்கப்பட்ட பதின்மூன்று சட்டங்களில் ஒன்பதாவது, 1948-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரியாக மாற்றும் சட்டம். அதாவது, ஓமந்தூரார் அமைச்சரவையின் இரு முடிவுகளின் தடம் இந்திய அரசமைப்பின் முதல் திருத்தத்திலேயே பதிந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைச் சேர்த்துச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அந்த எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் துறை அது. 1802-ஆம் ஆண்டின் நிரந்தரத் தீர்வை ஏற்பாட்டின்படி, சென்னை மாகாணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலம் ஜமீன்தார்களின் கையில் இருந்தது. வடக்கே சர்க்கார் மாவட்டங்களில் மிகுதி. தமிழ்ப் பகுதியில் இராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் முதலியவை. ஜமீன்தார் அரசுக்குக் கட்டும் பேஷ்குஷ் என்றும் மாறாத தொகை; குடியானவரிடம் அவர் வாங்கும் வாரமோ காலந்தோறும் ஏறியது. ஒரே மண், ஒரே விளைச்சல் உள்ள இரு வயல்களில், வரப்புக்கு இந்தப் பக்கம் ரயத்துவாரித் தீர்வை கட்டுபவரைவிட, அந்தப் பக்கம் ஜமீன் குடியானவர் பல மடங்கு கொடுத்த இடங்கள் இருந்தன. பிரகாசத்தின் தலைமையில் அமைந்த குழு 1938-இலேயே இதை விரிவாக ஆராய்ந்து அறிக்கை தந்திருந்தது. போர் வந்தது, அறிக்கை உறங்கியது.

ஓமந்தூரார் அரசு இரண்டு படிகளில் செயல்பட்டது. 1947-இல் வாரக் குறைப்புச் சட்டம். அண்டையிலுள்ள ரயத்துவாரித் தீர்வை அளவுக்கு ஜமீன் வாரத்தைக் குறைப்பது. இதனால் ஜமீன் வருமானத்தின் அடிப்படையே சுருங்கியது. அடுத்து 1948-இல் ஒழிப்புச் சட்டம். எஸ்டேட்டை அரசு மேற்கொள்ளும், உழுபவருக்குப் பட்டா, ஜமீன்தாருக்கு இழப்பீடு. இழப்பீட்டின் அமைப்பு கவனத்துக்குரியது. ஆண்டு அடிப்படைத் தொகை சிறிதாக இருந்த எஸ்டேட்டுகளுக்கு அதைப்போல் 30 மடங்கு. தொகை பெருகப் பெருக மடங்கு குறைந்து, மிகப் பெரிய எஸ்டேட்டுகளுக்கு 12½ மடங்கு. வாரத்தை முதலில் குறைத்துவிட்டு, குறைந்த வருமானத்தின் மீது இழப்பீடு கணக்கிடும் இந்த வரிசைமுறைக்குள்தான் அந்த ஆட்சியின் நிதி அறிவு இருந்தது. வரிசை மாறியிருந்தால் கருவூலம் தாங்கியிருக்காது. கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் கிடைத்தது 1949 ஏப்ரலின் தொடக்கத்தில். அப்பதவியில் அப்போது இருந்தவர் ராஜாஜி. ஓமந்தூரார் பதவியிழந்ததும் அதே நாட்களில்தான்.

எல்லையையும் சொல்லியாக வேண்டும். எஸ்டேட் ஒழிந்து ரயத்துவாரி வந்தது. ரயத்துவாரியே நீதியான முறை என்பது அச்சட்டத்தின் சொல்லப்படாத அடிப்படை. தஞ்சைச் சமவெளியில் ரயத்துவாரிப் பட்டாதாரர்களாகவே இருந்த பெரும் மிராசுதாரர்களை அது தொடவில்லை. அவர்கள் நிலத்தை உழுத குத்தகைதாரருக்கும் பண்ணையாளுக்கும் அதில் எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுக்கான முதல் பாதுகாப்புச் சட்டம் 1952 வரை காத்திருந்தது. ரயத்துவாரி நாட்டில் பிறந்த ஒரு பட்டாதாரரின் கண்ணுக்கு ஜமீன் தெளிவாகத் தெரிந்தது. தன் பக்கத்து வயலில் கூலிக்கு நின்றவர் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. இதை அவர் ஒருவரின் குறை என்று சொல்ல மாட்டேன்; அன்றைய காங்கிரஸின் வர்க்க அடித்தளம் அது.

மதுவிலக்கில் அவர் காட்டிய உறுதியைப் பலர் போற்றுகின்றனர். 1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கியதை, படிப்படியாக விரித்து, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் நடைமுறைப்படுத்தியது இந்த அமைச்சரவை. மாகாண வருவாயில் மிகப் பெரிய இனங்களுள் ஒன்றாக இருந்த ஆயத்தீர்வை இதனால் போயிற்று. அந்த இடத்தை நிரப்பியது விற்பனை வரி. 1939-இல் இந்தியாவிலேயே முதலாவதாக இம்மாகாணம் கொண்டுவந்த பொது விற்பனை வரி இல்லையேல் முழு மதுவிலக்கு வெறும் ஆசையாகவே நின்றிருக்கும். வருவாயை விட்டுக் கொடுக்கும் அரசு அதற்கு ஈடு என்ன என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு அன்று இருந்தது. பனையேறிப் பிழைத்தவர்களுக்காகப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊக்குவிக்கப்பட்டன. ஆனால், கள்ளில் கிடைத்த வருமானத்தை வெல்லம் ஈடுகட்டவில்லை. அவர் பிறந்த திண்டிவனம், மரக்காணம் பகுதியே பனை அடர்ந்த நிலம். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அரசே மது விற்கும் காலத்திலும் அது நடக்கிறது. விற்காத காலத்திலும் நடந்தது. மதுவிலக்கு வேண்டுமென்பாரும் வேண்டாமென்பாரும் ஓமந்தூராரின் பெயரை எடுக்குமுன் இதை எண்ணிப் பார்க்கலாம்.

தமிழுக்கு அவரது ஆட்சி செய்தவற்றில் பாரதியின் படைப்புகளை மக்களுக்கு உரியதாக்கியது முதன்மையானது. பாரதி பாடல்களின் இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. தங்கள் படத்தில் ஒரு பாடலைப் பயன்படுத்த முயன்ற டி.கே.எஸ். சகோதரர்களுடன் வழக்கு எழுந்தது. எழுத்தாளர்கள் கிளர்ச்சி செய்தனர். 1949-இல் அரசு தலையிட்டது. செட்டியார் பணம் பெறாமல் உரிமையை விட்டுக் கொடுத்தார். ஒரு கவிஞரின் படைப்புகளை அரசு கையகப்படுத்திப் பின்னர் பொதுவில் விட்டது அக்காலத்தில் மிக அரிய நிகழ்வு. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் தமிழ்க் கலைக்களஞ்சியத் திட்டம் வேர் பிடித்ததும் இக்காலத்தில்தான்.

ஆனால், அதே அமைச்சரவைதான் 1948-இல் தமிழ்ப் பகுதிப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க முனைந்தது. பத்தாண்டுகளுக்கு முன் ராஜாஜி ஆட்சியில் அது என்ன விளைவுகளை ஏற்படுத்தியது என்பதை நன்கு அறிந்தபின்னும் இப்படிச் செய்ததை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. பெரியாரின் தலைமையில் மறியல், கைதுகள். அவ்வாண்டு மார்ச்சில் கருஞ்சட்டைப் படை தடை செய்யப்பட்டது. கம்யூனிஸ்டுகள் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் சட்டங்களை எதிர்த்துப் போராடிய தலைமுறை, பதவிக்கு வந்ததும் அதே வகைச் சட்டத்தை எடுத்துக்கொண்டது. தனிவாழ்வில் தூய்மையானவர் ஆள்கிறார் என்பதால் மக்களின் உரிமை பாதுகாப்பாக இருக்கும் என்று பொருளில்லை. ஓமந்தூராரை வழிபடும் நூல்கள் இந்தப் பக்கத்தை விரைவாகப் புரட்டிவிடுகின்றன.

அவர் ஆண்ட காலம் எளிதானது அன்று என்பதும் உண்மை. உணவுப் பஞ்சம், 1947 டிசம்பரில் நாடெங்கும் தானியக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் விலை எகிறியது, அடுத்த ஆண்டே கட்டுப்பாடு திரும்பியது. வடமேற்கு எல்லையில் நிஜாமின் ஐதராபாத். ரசாக்கர் வன்முறைக்கு அஞ்சி மக்கள் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தனர். 1948 செப்டம்பர் நடவடிக்கை வரை அந்தப் பதற்றம் நீடித்தது. ஆந்திர மாநிலக் கோரிக்கையும் சென்னை நகரம் யாருக்கு என்ற கேள்வியும் அமைச்சரவைக்குள்ளேயே கொதித்தன. பிரகாசம் அணி அவரைத் தொடர்ந்து எதிர்த்து நின்றது.

அவரை வீழ்த்தியது இவற்றில் எதுவும் அன்று, சொந்தக் கட்சி. சட்டமன்ற உறுப்பினர்கள் அதிகாரிகளிடம் சென்று நியமனம், இடமாற்றம், உரிமம் கேட்பதை அவர் அனுமதிக்கவில்லை. பரிந்துரைகளை ஏற்கவில்லை, யார் அனுப்பினாலும் ஏற்கவில்லை. இதை ஒரு குணநலனாக மட்டும் பார்ப்பது போதாது. நீண்ட காலம் சிறையிலும் வறுமையிலும் கழித்துவிட்டு ஆட்சிக்கு வந்த ஒரு கட்சியின் தொண்டருக்கு, தன் ஊர்க்காரருக்கு ஒரு வேலை வாங்கித் தரும் ஆற்றல்தான் ஆட்சியின் கண்கூடான பலன். சட்டமன்ற உறுப்பினரின் வேலை சட்டம் இயற்றுவதா, சிபாரிசு செய்வதா என்ற கேள்வியை இந்த மாகாணத்தில் முதன்முதலில் நேருக்கு நேர் எழுப்பியவர் அவர்தான். விடை அவருக்கு எதிராக வந்தது. கட்சிக்கும் ஆட்சிக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்க வேண்டும் என்பதில் அவருக்கும் மாகாணக் காங்கிரஸ் தலைவரான காமராஜருக்கும் இடையே விரிசல் வளர்ந்தது. அவரைக் கொண்டுவந்த கைகளே விலகின. காமராஜரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கட்சியைக் கேட்காமல், கட்சியால் வந்த ஆட்சி எப்படி நடக்கும் என்பது எந்த நாடாளுமன்ற முறையிலும் எழும் கேள்வி. உறுப்பினர்களின் குறையைச் செவிமடுக்கும் வழி ஒன்றை ஓமந்தூரார் திறந்து வைத்திருந்தால், சிபாரிசுகளை மறுத்தும் பதவியில் நீடித்திருக்க முடியும் என்றே நான் கருதுகிறேன். கதவை முழுக்க மூடியவர், வெளியே கூடிய கூட்டத்தைக் காணவில்லை.

1949 ஏப்ரல் 6 அன்று பூ. ச. குமாரசாமி ராஜா பொறுப்பேற்றார். இரண்டாண்டும் இரண்டு வாரமுமான ஆட்சி முடிந்தது. அடுத்த பொதுத் தேர்தலில், 1952-இல், காங்கிரஸ் சென்னையில் பெரும்பான்மை இழந்தது. குமாரசாமி ராஜாவும் தோற்றார். ஓமந்தூராரைக் காத்திருந்தால் கட்சி வென்றிருக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. அரிசி விலையும் ஆந்திரக் கோரிக்கையும் கம்யூனிஸ்டுகளின் வளர்ச்சியும் அவர் இருந்திருந்தாலும் இருந்திருக்கும்.

பதவி போனபின் பலரும் செய்வதுபோல் அவர் எதிரணி அமைக்கவில்லை. வேறு கட்சி தேடவில்லை. ஆளுநர் பதவிக்கும் தூதர் பதவிக்கும் காத்திருக்கவில்லை. வடலூர் சென்றார். 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு அணையாமல் எரியும் ஊர். அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை ஏற்படுத்தி, ஆதரவற்ற குழந்தைகளை வளர்ப்பதிலும் கல்வி தருவதிலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளைச் செலவிட்டார். ஆட்சியில் இருந்த காலத்தைப்போல் பத்து மடங்கு அது. 1970 ஆகஸ்ட் 25 அன்று காலமானார். அவரது ஆட்சி முழுமையாக்கிய மதுவிலக்கை மாநில அரசு தளர்த்தியது அதற்கு அடுத்த ஆண்டு, அதே ஆகஸ்ட் மாத இறுதியில்.